கறுப்புத் துணி தொங்கிய வாசல்

ராஷ்கா பேருந்து நிலையத்தில் ஸ்தாமென்கா சீட்டுக் கொடுத்தது இருபத்தாறு வருஷம். யார் எந்தச் சந்தைக்குப் போகிறார்கள், யார் மாமியாரோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்கு மூட்டை கட்டுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்துவிட்டால், கூண்டுக்குள்ளிருந்தே கத்தி வண்டியை நிறுத்திவிடுவாள். அப்படி அவள் கத்தலுக்கு அடிக்கடி நின்ற வண்டியின் ஓட்டுநர் வுகோமானையே கட்டிக்கொண்டாள்.

அந்த வுகோமான் போன ஏப்ரலில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

இன்று டிசம்பர் பத்தொன்பது, நிக்கோலா நாள். வுகோமான் குடும்பத்தின் குலப் புனிதர் நிக்கோலா. ரொட்டி சுட்டு, கோதுமை வேகவைத்து, மெழுகுவத்தி ஏற்றி, வருஷம் தவறாமல் அவருக்கு ஸ்லாவா என்ற வீட்டு விழாவைக் கொண்டாட வேண்டும். அதற்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை. நினைவிருப்பவன் வருவான், வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. ஆனால் ரொட்டியைத் தனி ஆளாக வெட்ட முடியாது. பல கைகள் சேர்ந்து பிடித்துச் சுழற்ற வேண்டும்.

அதனால் ஸ்தாமென்கா ஒரு முடிவோடு இருந்தாள். இரண்டு மணிக்குள் ஒருத்தரும் வராவிட்டால், நிக்கோலா படத்தை ஸ்துதேனிட்சா மடத்தில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நோவி சாதிலுள்ள மகளிடம் போய்விடுவது. படத்தைச் சுற்றி எடுக்க வெள்ளைத் துண்டு ஒன்றைக்கூட மடித்து வைத்துவிட்டாள்.

மணி ஒன்றாயிற்று. கெண்டை மீனும் பீன்ஸும் ஆறிப்போயின. பக்கத்து வீட்டு ராய்னா நல்ல உடுப்பில் வாசல்வரை வந்தாள், நின்றாள், சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். ஜன்னலிலிருந்து பார்த்த ஸ்தாமென்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போடி போ! இருவது வருஷமா என் மீனைத் தின்ன நாக்குதானே அது!"

திட்டிவிட்டு அழுதாள். மணி இரண்டானதும், துண்டை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கம் நடந்தபோதுதான் வெளியே ஹாரன் அலறியது.

நோவி பஸாரிலிருந்து க்ராலியேவோ போகும் பேருந்து வேலியோரம் நின்றது. முதலில் இறங்கியவன் ஓட்டுநர் ரிஃபாத், வுகோமானின் பழைய கூட்டாளி. அவனுக்குப் பின்னால் பயணிகள், ஒரு இருபது பேர் இருக்கும்.

"அண்ணி, கதவத் தொறங்க! உஷ்சேகிட்ட பனி சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடக்கு. அள்ள ரெண்டு மணி நேரம் ஆகுமாம். வண்டிக்குள்ள வெறைச்சுச் சாகறதுக்கு உங்க வீட்டுல தின்னுட்டுச் சாகலாம்னு எல்லாரையும் கூட்டியாந்துட்டேன்."

ஒரு பெண் மட்டும் வாசலிலேயே தயங்கினாள். "ஏங்க, கறுப்புத் துணி கட்டியிருக்கே. துக்க வீடு. உள்ள போகலாமா?"

"எனக்குத் துணி பாஷையெல்லாம் தெரியாதும்மா. நான் மசூதிக்குப் போறவன். நிக்கோலா நாள்ல இந்த வீட்டுல மீன் உண்டு, அது மட்டும்தான் தெரியும்."

ஸ்தாமென்கா அப்போதுதான் அந்தத் துணியைப் பார்த்தாள். சாவு விழுந்த அன்று வாசலில் அவளே கட்டியது. நாற்பதாம் நாள் அவிழ்த்திருக்க வேண்டும். அன்றைக்கு மனசு வரவில்லை. அப்புறம் தினமும் அதைத் தாண்டிப் போய்வந்ததில் கண்ணிலேயே படாமல் போயிற்று. ஊர்க்காரர்களுக்கோ அது எங்களைத் தனியாக விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ராய்னா திரும்பிப் போனது அதற்குத்தான். பாவம், அவளைப் போய்த் திட்டிவிட்டோமே.

அவசர அவசரமாக முடிச்சை அவிழ்த்தாள். பேருந்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு ராய்னா வேலிக்கு வந்திருந்தாள்.

"நீ யாரும் வேணாம்னு இருக்கன்னு நெனச்சேன்டி" என்றாள் ராய்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பேசாம உள்ள வா. இருவது பேருக்கு என் மீன் பத்தாது, உன் வீட்டுல இருக்கறதையும் தூக்கிட்டு வா."

பயணிகளில் யெஃப்ரேம் என்ற துறவியும் இருந்தார். சொபோச்சானி மடத்துக்குப் போய்விட்டு ஸ்துதேனிட்சாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி முன் நின்று, "வீட்டுத் தலைவர் யாரு?" என்று கேட்டார்.

"இனிமே நான்தான் சாமி."

"அப்போ நீயே புடிம்மா."

ரொட்டியைச் சுற்றிக் கைகள் நீண்டன. ரிஃபாத் மட்டும் சுவரோரம் ஒதுங்கினான்.

"நான் சிலுவை போட மாட்டேனே அண்ணி."

"உன்னைப் போடச் சொன்னாங்களா? உங்கண்ணன் நின்ன எடத்துல நின்னு ரொட்டியப் புடி."

பிடித்தான். ரொட்டி சுழன்றது. வாசலில் தயங்கிய அந்தப் பெண் பக்கத்திலிருந்து சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒன்பது மாசத்துல ஓடி வந்தேன், எனக்காக வண்டிய நிறுத்தினீங்க. பொண்ணு இப்ப ஸ்கூல் போறா."

எத்தனை பேருக்காக நிறுத்தினாளோ, ஸ்தாமென்காவுக்கு நினைவில்லைதான். இன்று தனக்காக ஒரு வண்டி நின்றதை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டாள். ரிஃபாத்தின் கைக்கும் அந்தப் பெண்ணின் கைக்கும் நடுவில் தன் கை இருப்பதைப் பார்த்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. நிக்கோலாவுக்கு நன்றி சொன்னாள், சரிந்த பனிக்கும் சேர்த்து.

ரோடு திறந்த செய்தி வந்தது. கிளம்பும்போது யெஃப்ரேம் நாற்காலியில் இருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார்.

"மடத்துக்கு ஏதாவது குடுத்தனுப்பணுமாம்மா?"

ஸ்தாமென்கா சுவரில் இருந்த நிக்கோலாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. அது பாத்திரம் தொடைக்க எடுத்து வெச்சது."