வாட்டம் தவறிய தரை

ஓட்டப் பரீட்சையில் குழாய்க்காரர் இரண்டு தடவை தோற்றார். ஐந்து கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். முதல் தடவை நாற்பத்திரண்டு, இரண்டாம் தடவை முப்பத்தொன்பது. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் முன்னால் கடிகாரத்தோடு வந்து நின்றது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. மற்ற எல்லோருக்கும் அவர் கோச்.

"இன்னும் நாலு நிமிஷம் குறைக்கணும் மாமா."

"நான் கக்கூஸுக்குப் பைப்பு போட வர்றேன் மாப்ள. அது எங்கயும் ஓடிப் போயிடாது, துரத்திப் பிடிக்கறதுக்கு."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா."

கோச் பத்து வருடத்துக்கு முன் சபையின் பின்பக்க ஹாலில் தொடங்கிய சின்ன அறக்கட்டளைதான் அந்தப் பரீட்சையை வைத்தது. மாலையில் இளைஞர்களுக்கு உடற்பயிற்சி, அதன்பின் வேத வாசிப்பு. வருடத்துக்கு ஒருமுறை அவர்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கடல் கடந்து இரண்டு வார ஊழியப் பயணம். கூடப் போகிற யாராக இருந்தாலும் ஓட்டத்தில் தேற வேண்டும். போனும் கையுமாகத் தெருமுனையில் நின்ற எத்தனையோ பிள்ளைகளை அந்த ஹால் ஆளாக்கியிருந்தது. குழாய்க்காரர் அதை மறுத்ததில்லை. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத அவருடைய மகள், அங்கே போன பிறகுதான் நிமிர்ந்து பேசப் பழகினாள். இந்த வருடப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

முந்தைய வருடம் போன குழு ஒரு பிள்ளைகள் இல்லத்தில் நான்கு கழிப்பறைகள் கட்டியிருந்தது. இந்த வருடம் அதற்குத் தண்ணீர் இணைப்பு கொடுக்க வேண்டும், அதற்குத்தான் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருடத் தொழில். நான்காவது மாடிக்குக் குழாய்க்கட்டைத் தோளில் சுமந்து ஏறுகிற உடம்பு. அதை வேண்டி அழைத்துவிட்டு ஓடிக் காட்டச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு மாதம் விடிகாலையில் ஓடினார். மூன்றாம் தடவை பத்து நொடி மிச்சத்தில் தேறினார். அந்த இரண்டு மாதமும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அவர் மனைவி. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு என் கைதான் தேயுது" என்றாள்.

இரண்டு விமானம் மாறி, ஒரு நாள் முழுக்க வேனில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் நடுவயதுப் பெண்மணி. அவருடைய அரைகுறை ஆங்கிலமும் குழாய்க்காரரின் அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்துகூட ஒரு முழு மொழியாகவில்லை. ஆனால் கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டியதும் பேச்சே தேவைப்படவில்லை. உள்ளே முந்தைய வருடம் கொண்டுபோய்க் கொடுத்த உடற்பயிற்சிப் பாய்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"தண்ணி வரலேன்னு பூட்டியே வச்சிருக்காங்க பாவம்" என்றார் கோச்.

குழாய்க்காரர் பாய்களை வெளியே எடுத்துப் போட்டு, கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரையில் ஊற்றினார். தண்ணீர், மூலையில் அது இறங்க வேண்டிய ஜாலிப் பக்கம் போகாமல் வாசலுக்கு வந்து அவர் காலடியில் நின்றது. நான்கு அறையிலும் அப்படியே. ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரையின் வாட்டம் தலைகீழ். கொத்தனாரே இல்லாமல் பிள்ளைகள் ஆசை ஆசையாகக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் பூ வரைந்து, கதவில் பேரும் எழுதியிருக்கிறார்கள்.

"ஏம்மா, ஒரு வருஷமா யாரும் இதைச் சொல்லலயா?" என்று சைகையும் சொல்லுமாகக் கேட்டார்.

பொறுப்பாளர் கதவில் எழுதியிருந்த பேர்களைக் காட்டினார். "அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். எப்படிச் சொல்வது?" என்றார்.

தரையை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று குழாய்க்காரர் அன்றே சொன்னார். கோச் கேட்கவில்லை.

"கதவுல போன வருஷப் பசங்க பேரு இருக்கு மாமா. உடைச்சா அவங்க மனசு என்ன பாடு படும்? வைப்பர் ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம், தள்ளிக்குவாங்க."

"அறுபது புள்ளைங்க மாப்ள. ஒவ்வொண்ணும் போய்ட்டு வந்து தள்ளிக்கிட்டே நிக்குமா?"

"மொதல்ல பைப்பு வேலை முடியட்டும், பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' ஆறு நாளைத் தின்றது. காலை ஆறு முதல் எட்டு வரை உடற்பயிற்சி, அதன்பின் ஜெபம், அதன்பின் சாப்பாடு. வேலையில் கை வைக்கும்போது மணி பத்தாகியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். வேலைக்கென்றே கடவுள் கொடுத்த குளிர்ந்த இரண்டு மணி நேரத்தை இவர்கள் குதித்தே தீர்க்கிறார்களே என்று குழாய்க்காரருக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் வரவேற்பு நிகழ்ச்சியில் போனது, இன்னொரு நாள் பக்கத்துப் பள்ளியோடு கயிறு இழுக்கும் போட்டியில். அவர் தனியாளாக மேல்தொட்டியை ஏற்றி, குழாய் இழுத்து, குழாய்முனைகளை மாட்டி முடித்தார்.

ஏழாம் நாள் எல்லோரும் மைதானத்துக்கு உடற்பயிற்சிக் காட்சிக்குக் கிளம்பினார்கள். முழங்கால் வலி என்று இவர் நின்றுகொண்டார். பொய்தான். அவர்கள் தலை மறைந்ததும் சம்மட்டியை எடுத்தார். மதியத்துக்குள் நான்கு அறையின் தரையும் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது.

திரும்பி வந்த கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. கோச்சின் முகம் வெளுத்தது. பிள்ளைகள் முன்னால் அவர் குரலை உயர்த்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"ஆறு நாளா சொன்னேன்."

மகள் அவரைத் தனியே இழுத்துப் போனாள். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டீங்கப்பா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் திரும்பிப் போய் உடைந்த கல்லை ஒதுக்கத் தொடங்கினார். அவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு கூடையை எடுத்து இடிசலை அள்ள ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து காலை உடற்பயிற்சி நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் அறிவிக்கவில்லை. கோச்சே ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வந்து நின்றார். ஐம்பது தண்டால் எடுக்கிற கைகள் பத்துக் கூடை ஜல்லி சுமந்ததும் நடுங்கின. ஆனாலும் யாரும் உட்காரவில்லை. மூன்று அறை முடிந்தது. நான்காவதற்கு வாங்க வேண்டிய சிமெண்ட் ஊரில் கிடைக்கவில்லை, இவர்கள் கிளம்பி மூன்று நாள் கழித்துத்தான் வண்டி வரும் என்றார்கள்.

"மூணு நாள் நான் மட்டும் இருந்துட்டு வர்றேன்" என்றார் குழாய்க்காரர்.

"விசா நாம கிளம்புற அன்னியோட முடியுது மாமா. உங்களை விட்டுட்டுப் போனா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதில் கோச் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். நான்காவது அறைச் சுவரில் தரை எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிய வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுப் பொறுப்பாளருக்குக் காட்டிவிட்டு வேனில் ஏறினார். வழியெல்லாம் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்து, அறக்கட்டளையின் வருட அறிக்கையை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அட்டையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த படம். உள்ளே, 'நான்கு கழிப்பறைகள் பயன்பாட்டுக்கு வந்தன' என்று அச்சாகியிருந்தது. குழாய்க்காரர் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்குப் போனார். மேசையில் முந்நூறு பிரதிகள் தபாலுக்குத் தயாராக இருந்தன.

"மூணு மாப்ள."

"அச்சடிச்சாச்சு மாமா. நாலாவதும் எப்படியும் முடிஞ்சுடும். அங்க போய் யாரு எண்ணப் போறாங்க?"

"அந்தம்மா எண்ணும். போன வருஷமும் நாலுன்னுதான் போட்டீங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அந்தம்மா பாய அடுக்கி வச்சுட்டு வாய மூடிக்கிட்டு இருந்துச்சு."

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இந்த ஹாலை எப்படி நடத்துறேன்னு உங்களுக்குத் தெரியாது மாமா. நல்ல சேதி போனாத்தான் அடுத்த வருஷம் பசங்க போக முடியும்."

"பொய்ச் சேதி போகவேணாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் குழாய்க்காரர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து 'நான்கு' என்பதை அடித்து மேலே 'மூன்று' என்று எழுதினார். அடுத்ததை எடுத்தார். அவருக்குக் கையெழுத்து நன்றாக வராது. கோணல்மாணலாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, நாற்பதாவது பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது கோச்சும் எதிரே வந்து உட்கார்ந்து அறிக்கைக் கட்டு ஒன்றை இழுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு மாலை வகுப்புப் பிள்ளைகள் வந்ததும் கோச் எழுந்து போய்விட்டார். மிச்சத்தைக் குழாய்க்காரர் தனியாக முடித்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பொறுப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் பென்சில் கோட்டைப் பார்த்து நான்காவதையும் முடித்துவிட்டாராம். கோச் அதை ஞாயிறு ஆராதனையில் வாசித்தார், குழாய்க்காரரின் பங்கையும் சொல்லி நன்றி கூறினார். சபை கை தட்டியது. குழாய்க்காரருக்கு அந்த ஆறு நாள்தான் மனதில் ஓடியது. அது மட்டும் கையில் இருந்திருந்தால் நாலையும் அவரே முடித்திருப்பார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"விடுங்களேன்" என்றாள் அவள்.

அவர் விடவில்லை.