திருமதி ஆன ஆட்டக்காரி

ஜெர்மனியின் எசன் நகரத்துத் தமிழர் எவரும் எங்கள் குடும்பத்தைக் குறைசொன்னதில்லை. அந்த மதிப்பைக் காப்பது மூத்தவளாகிய என் கடமை என்றே சிறுவயது முதல் நம்பி வந்தேன். ஆகவே, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஏழாம் வகுப்பில் நான் ஆசிரியையோடு முரண்பட்டதாகச் செய்தி வந்தபோது அப்பா இடிந்துபோனதில் வியப்பில்லை.

இரு உலகப் போர்களுக்கும் இடையில் டென்னிஸ் ஆடிய ஓர் ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி வகுப்பில் உரையாற்ற எழுதியிருந்தேன். திருமணத்துக்குப் பின்னும் அவர் ஆடினார் என்ற வரியை ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். திருமணத்தோடு ஆட்டப் பதிவுகளில் அவர் பெயர் மறைகிறது, ஆகவே ஆட்டமும் அத்தோடு முடிந்தது என்பது ஆசிரியையின் முடிவு. திருத்தினால்தான் மேடை.

"ரீச்சர் சொன்னா மாத்தி எழுதன். ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார் அப்பா.

"பிழையை எழுத ஏலாது, அப்பா."

"உன்ர மகளின்ர வாயைப் பார்!" என்று அப்பா அம்மாவிடம் திரும்பினார். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் நூலகப் புத்தகத்தோடு ஆசிரியையின் முன் நின்றேன். ஒரு படத்தின் கீழே அந்த ஆட்டக்காரியின் பிறந்த வீட்டுப் பெயர். பிந்திய படத்தின் கீழே 'திருமதி', அதையடுத்துக் கணவரின் பெயர் மட்டும். இரண்டிலும் மட்டை இடக்கையில். இரண்டிலும் முகவாயில் அதே தழும்பு. பிந்திய படத்தில் இருப்பவர் வேறொருவர் என்றார் ஆசிரியை.

எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பிறந்தபோது அவருக்கு வைத்த பெயரே ஜெர்மன் கடிதங்களில் அம்மாவின் குடும்பப் பெயராகியிருந்தது. அதைச் சொல்லித்தான் ஆசிரியையும் அம்மாவை அழைப்பார். அதனால் என் அம்மா வேறொருவர் ஆகிவிட்டாரா என்று கேட்டேன். ஆசிரியை இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் சிவப்புக் கோட்டின்மேல் தாமே வெள்ளை மை பூசி, என் வரியை மீண்டும் எழுதினார்.

உரை நன்றாக நடந்தது. அன்று மாலை அம்மா சமையலறையில் கேட்டார்:

"கலியாணத்துக்குப் பிறகும் விளையாடினவவோ?"

"ஓம் அம்மா, கன வருசம்."

"பிள்ளை இருந்ததோ?"

"ஒரு மகள்."

"அப்ப, ஆர் பிள்ளையைப் பாத்தது?"

யாழ்ப்பாணத்தில் தம் கல்லூரியின் வலைப்பந்து அணிக்கு அம்மா தலைவியாக இருந்தவர் என்பதை அப்போது எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கேள்வி என் உரையைப் பற்றியது என்றே எண்ணினேன். புத்தகத்தில் அது இல்லை என்று மிகுந்த கண்டிப்போடு பதில் சொல்லிவிட்டு, விளையாடப் போனேன்.