பால்கனிக் கதவை மறைத்த ஸ்பீக்கர்

டிவிடி கொடிகட்டிப் பறந்த வருடங்கள் அவை. புனேயில், ஹடப்சரில், மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு. என் கணவருக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. அவர் போனபிறகு வீட்டுக்குள் இருப்பது என் வேலை. கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்தியில் எனக்குச் சரளமாக வந்தது, தெரியாது என்று சொல்லும் ‘மாலும் நஹி’ மட்டும்தான். அதைச் சொன்னால் எதிராளி இன்னும் நாலு கேள்வி கேட்பார்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது பால்கனி. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போய்விட வேண்டிய அளவு. காலையில் அவர் கிளம்பிய பிறகு காய்கறி வண்டிக்காரர் பின்பக்கத்துச் சந்துக்குள் வந்து குரல் கொடுப்பார். பையைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, “மேத்தி, கோத்மிர்” என்று கத்துவேன். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் மேலே வரும். எதிர்க் கட்டடத்துப் பால்கனிக்கு என் வயதில் ஒரு மராத்திப் பெண் துணி காயப்போட வருவாள். நான் வாங்கிய கீரை முற்றல் என்று அவள் பாஷையில் அவள் சொல்வாள். புடவைக்குக் கிளிப் போடு, பறக்கப்போகிறது என்று என் பாஷையில் நான் சொல்வேன். பாதிதான் புரியும், ஆனாலும் பேச்சு நிற்காது. ஒரு நாளில் நான் மனுஷியாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

வாசல் கதவு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதைத் திறந்து இறங்கினால் சோலாப்பூர் ரோடு. டம்பர் லாரிகள் சீறிக்கொண்டு போகும். அதைத் தாண்டி நான் எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது? மேலே நின்றால் என்னை அறிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கீழே ஒருவரும் இல்லை.

என் கணவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அவருக்கு இருந்தது சரவுண்ட் சவுண்ட். படம் பார்க்கிறவரைச் சுற்றி நாலாபுறமும் சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய மலிவான ஒரு செட் இருந்தது. பின்பக்கத்து ஸ்பீக்கர்கள் இரண்டும் சோப்பு டப்பா அளவு பிளாஸ்டிக். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. எங்கள் தினக்காலண்டரே ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. அதனால் அந்த டப்பாக்கள் சோபாவின் முதுகில் உட்கார்ந்திருக்கும், நான் சாய்ந்தால் கீழே விழும்.

முழு செட்டையும் மாற்ற பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவருடன் வேலை பார்த்த ஒருவர் அமெரிக்கா கிளம்பினார். அவரிடமிருந்து இடுப்பு உயர மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவை டிவிக்குப் பக்கத்தில், முன்னால் நிற்க வேண்டிய ஜாதி. இவர் பின்னால் நிறுத்தினார். “ஆணியே வேணாம் பாரு, தானா நிக்குது” என்றார்.

நின்றது. வலதுபக்கத்துப் பெட்டி, பால்கனிக் கதவுக்கு முன்னால்.

சோபாவிலிருந்து நூல் பிடித்து அளந்து, காதுக்குப் பின்னால் இத்தனை கோணம் என்று கணக்குப் போட்டு, தரையில் வெள்ளை டேப் ஒட்டி அதன்மேல் பெட்டியை வைத்தார். உள்பக்கம் திறக்கும் கதவு, ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றலாமே என்றேன். பிளக் பாயிண்ட் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றார். துணி எடுக்க வேண்டுமென்றால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். காய்கறியை மகர்பட்டா கடையில் பாக்கெட்டாக வாங்கி வர ஆரம்பித்தார். “உனக்கு வேலை மிச்சம்” என்றார். சந்தில் வண்டிக்காரர் குரல் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு, பாலிதீனுக்குள் மூச்சு முட்டிக் கிடந்த கீரையை ஆய்ந்துகொண்டிருப்பேன். பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பரீட்சை. சோபாவின் நடுவில் உட்கார வேண்டும். “இப்ப எங்கிட்டிருந்து வருது?” என்பார். நான் கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஒரு நாள் படத்தில் அடைமழை. பின்னால் வலதுபக்கம் காட்டினேன். “தத்ரூபமா இருக்குல்ல?” என்று பூரித்துப்போனார். படத்தில் வெயில் வந்த பிறகும் மழை நிற்கவில்லை. பெட்டியை நகர்த்திக் கதவைத் திறந்தபோது, அவருடைய ஆபீஸ் சட்டைகள் உட்பட எல்லாத் துணியும் தொப்பலாக நனைந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம், “இனிமே உள்ளயே காயப்போட்ருவோம், ஒரு ஸ்டாண்டு வாங்கியாரேன்” என்றார். என் சிரிப்பு அதோடு போனது.

மறுநாள் அவர் தலை மறைந்ததும் பெட்டியைக் கட்டிப்பிடித்து நகர்த்தினேன். ஒயரையும் சிக்கனமாக வாங்கியிருந்ததால் அதைக் கழற்றினால்தான் பெட்டி நகரும். கழற்றினேன். கதவு முழுசாகத் திறந்தது. எதிர்ப் பால்கனிக்காரி என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். “காய் ஜாலா? காவாலா கேலி ஹோதீஸ்?” என்றாள். என்ன ஆச்சு, ஊருக்குப் போயிருந்தாயா என்று கேட்கிறாள். இல்லை, இங்கேதான் இருந்தேன் என்று சொல்ல வார்த்தை வரவில்லை. அழுகை வந்தது.

அதிலிருந்து தினமும் அதே கதை. காலையில் கழற்றி நகர்த்துவது, சாயங்காலம் டேப் பார்த்து வைத்து ஒயரைச் சொருகுவது. மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் அவர் சீக்கிரம் வந்து மணியை அடித்துவிட்டார். பெட்டியைத் தள்ளத்தான் நேரம் இருந்தது, ஒயர் தரையில் கிடந்தது. வந்ததும் படம் போட்டார். “பின்னாடி ஹெலிகாப்டர் வருது பாரு” என்றார். பார்த்தேன். பெட்டி வாய் திறக்கவில்லை. தலையாட்டினேன். அப்புறம் நான் ஒயரைச் சொருகவே இல்லை.

குளிர் வந்து போயிற்று. ஆபீஸ் நண்பர்கள் வந்து உட்கார்ந்து, அதே ஹெலிகாப்டரைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் படத்தை நிறுத்திவிட்டு, “பின்னாடி பெருசா வச்சதுதான் சூட்சுமம். இதைவிடப் பெருசா ஒரு ஜோடி வந்திருக்காம், தவணையில தர்றாங்க” என்றார். கதவின் அகலத்தை நினைத்துப் பார்த்தேன். அதை என்னால் நகர்த்த முடியாது.

“அதுக்கு ஒயரே இல்லைங்க” என்றேன்.

“எதுக்கு?”

“அந்தப் பெட்டிக்கு. தெனமும் கழட்டி நகத்தி வைக்கிறேன். மழை முடிஞ்சதுலருந்து திரும்பச் சொருகவே இல்ல.”

எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார். “அப்ப அந்த ஹெலிகாப்டரு?”

“முன்னாடியிருந்துதான் வந்துச்சு.”

கிளிப் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். இடதுபக்கத்துப் பெட்டியையும் தொட்டாயா என்றார். இல்லை. நகர்த்தும்போது கீழே போட்டாயா? இல்லை. ஏன் நகர்த்தினாய் என்பதுதான் அடுத்த கேள்வி என்று காத்திருந்தேன். வண்டிக்காரர், எதிர்ப் பால்கனிக்காரி, அவர் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை நான் வாயைத் திறக்காமல் கிடந்த நாட்கள் என்று எல்லாவற்றையும் சொல்ல வரிசையாக வைத்திருந்தேன்.

அவர் ஒயரைச் சொருகினார். முழங்காலால் பெட்டியை டேப்புக்குச் சரியாகத் தள்ளினார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார்.

“நல்லவேள சொன்ன. தண்டமா புதுசு வாங்கியிருப்போம்” என்றார். விட்ட இடத்திலிருந்து படம் ஓடியது.