வாசலில் செருப்புகளை எண்ணுகிறவள்

கோலாட்டத்துக்கு ஆட்கள் சோடியாக நிற்க வேண்டும். ஒற்றையாக வந்துவிட்டால் ஒருவருடைய கோல் காற்றில்தான் அடிக்கும். அப்படி வரும் நாட்களில் பழக்குகிறவளே கைத்தாளத்தைக் கீழே வைத்துவிட்டு, கைபேசியில் பாட்டைப் போட்டு, வட்டத்துக்குள் இறங்குவாள். பழக்குகிறவள் நான்.

அன்புவழிபுரத்துச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரம் நாலரைக்குத் தொடங்குவோம். தாய், தகப்பன், பிள்ளை என்று குடும்பமாக வருவார்கள். கனபேர் என்னை ரீச்சர் என்பார்கள். நான் ரீச்சர் இல்லை, துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக். வாசலில் கிடக்கும் செருப்புகளை, என்னுடையதை விட்டுவிட்டு, சோடி சோடியாக எண்ணுவேன். ஒற்றையாக வரட்டும் என்று மனதுக்குள் வேண்டுவேன். இது ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அரைச் சுண்டு அரிசி போட்டாலும் சோறு மிஞ்சுகிறது. சனிக்கிழமை முழுக்க ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிறு வட்டத்துக்கு முன்னால் வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். எனக்குத் தனிமை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக விருப்பமில்லை.

போன வருடம் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். எட்டு வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பனுக்குச் சீனன்குடாவில் வேலை. மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார்.

“நான் ஆட ஏலாது அக்கா. பிள்ளை ஆடட்டும்” என்று சொல்லிவிட்டு, வெளியே மதிலோரம், ஊருக்குள் திரியும் மான்கள் கடதாசி மெல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மற்றவர்கள் இரட்டை, அவள் சேர்ந்தால் ஒற்றை. கிழமைக்குக் கிழமை ஒற்றை. பச்சைத் தாள் சுற்றிய கோல்களை எனக்கென்று எடுத்து வைத்திருப்பாள் அந்தப் பிள்ளை. ஓங்கி அடிப்பாள். என் விரல் மொளியில் பட்டால் “சொறி அன்ரி” என்று சிரிப்பாள். திங்கட்கிழமை கந்தோரில் தட்டச்சு அடிக்கும்போது விரல் நோகும். அந்த நோவு எனக்குப் பிடித்திருந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு பெண் தனியாக வந்தார். என் வயதுதான் இருக்கும். இலங்கைத்துறைக்காரி, மகன் வெளிநாடு போனபிறகு டவுனில் ஒரு அறை எடுத்துத் தையல் வேலை செய்கிறவர்.

“ரீச்சர், ஆக்கள் சேக்கிறீங்களோ?” என்று கேட்டார்.

சிறுமி எனக்குப் பின்னால் பச்சைக் கோல்களோடு நின்றாள். இந்தப் பெண் உள்ளே வந்தால் சிறுமிக்குச் சோடி அவர்தான். நான் வெளியே போக வேண்டும்.

“சோடியா வந்தாத்தான் சேக்கிறது” என்றேன்.

அப்படி ஒரு சட்டம் எங்களிடம் இருந்ததே இல்லை. வாய் கூசாமல் சொன்னேன். ஆரும் தனியாக வந்தால் அறிவிப்பதாகச் சொல்லி அவருடைய நம்பரையும் எழுதி வாங்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நான் நன்றாக ஆடினேன்.

இந்தத் தை மாதம் சிறுமியின் தாய் வந்துவிட்டார். மெலிந்த, வெட்கப்படுகிற மனிசி. பிள்ளை அவருடைய கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். பச்சைக் கோல்களை எடுத்தாள்.

“அன்ரி, இது அம்மாவுக்கு, என்ன?” என்றாள்.

“ஓம் ஓம், குடுங்கோ” என்றேன். மூன்று வருடம் பிள்ளையைப் பிரிந்திருந்த ஒருத்தி மேல் எனக்கு எரிச்சல் வந்தது. வெட்கக்கேடுதான். தாளத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். தாய்க்கு அடவு ஒன்றும் வரவில்லை. அவருடைய விரலில் கோல் படும்போதெல்லாம் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று ஞாயிறு அப்படி நின்றேன். நாலாவது கிழமை அந்த நம்பரைத் தேடி எடுத்தேன். இப்போது அவர் வந்தால் ஒற்றையாகும், நான் இறங்கலாம். இரக்கத்தில் எடுக்கவில்லை, என் வசதிக்காகத்தான் எடுத்தேன்.

“ரீச்சர்தான் கதைக்கிறன். இப்ப இடம் இருக்கு, வாங்கோ.”

“சோடி வேணுமெண்டு சொன்னீங்கள்.”

“நான் நிக்கிறன் உங்களோடை.”

ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை நிறுத்தினார்.

“ஒற்றையா வந்தா நீங்கள் இறங்குவீங்கள் எண்டு உங்களிட்டைப் பழகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. அண்டைக்கு உள்ளுக்கு வர முதல் நான் வாசலிலை செருப்புகளை எண்ணிப் பாத்தனான் ரீச்சர். உங்கடையையும் சேத்துத்தான் இரட்டை வந்தது, அதை விட்டா ஒற்றை. எனக்கு இடம் இருக்கெண்டு நம்பித்தான் உள்ளுக்கு வந்தனான்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

“ஓம். நான் பொய் சொன்னனான்” என்றேன்.

“சரி. பாப்பம்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை தாண்டியும் பாட்டைத் தொடங்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே பிள்ளைகள் கோலைத் தட்டிக் கூப்பிட்டார்கள். என்னுடையதை விட்டுவிட்டுச் செருப்புகளை இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் இரட்டைதான் வந்தது.