சுண்ணாம்பு கேட்ட பேயும் ஹம்மர்பெஸ்ட் பேயும்

போன கிழமை எங்கள் வீட்டில் பேய் விழா நடந்தது. கந்தசஷ்டி விரதத்துக்கு நடுவில்.

இந்த ஹலோவீன் நோர்வேக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. "இது எங்கள் பண்டிகையே இல்லை, பூசணிக்காய் விற்பதற்கு அமெரிக்காக்காரன் செய்த ஏற்பாடு" என்று நோர்வேஜியர்களே முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கே சொந்தமில்லாத பண்டிகையை ஒஸ்லோ நகரத்து வெஸ்ட்லியில் ஏழாம் மாடியில் குடியிருக்கும் ஒரு சைவக் குடும்பம் ஏன் கொண்டாட வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறது.

மகள் ஆரணி. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் பிறந்து வளர்ந்தவள். இந்தக் கோடை முடியத்தான் ஒஸ்லோவுக்குக் குடிவந்தோம். 'நான்' என்பதற்கு ஒஸ்லோவில் 'யாய்' என்பார்கள். வடக்கே வெறும் 'ஏ'. முதல் நாள் வகுப்பில் ஆரணி 'ஏ' என்று ஆரம்பித்ததும் சிரிப்பு. இடா என்றொரு பிள்ளை — இடைவேளையில் யார் யாரோடு நிற்கலாம் என்று தீர்மானிப்பவள் — ஆரணியைப் போலவே பேசிக் காட்டத் தொடங்கிவிட்டாளாம். அந்த வகுப்பில் பாதிப் பேருடைய பெற்றோர் வெளிநாட்டவர். நிறத்துக்காக யாரும் சிரிக்கவில்லை. மீன் மணக்கும் நோர்வேஜிய மொழிக்காகச் சிரித்தார்கள்.

இரண்டு மாதமாக ஆரணி வகுப்பில் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

"அப்பா, ஹலோவீனுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கிறன். இதுவும் சரிவராட்டில் நான் ஹம்மர்பெஸ்டுக்குத் திரும்பிப் போறன்."

"தனியவோ?"

"ஓம். அங்கை எனக்கு ஆக்கள் இருக்கினம்."

பத்து வயது. ஆனால் பகிடியாகச் சொல்லவில்லை.

வதனி — என் மனைவி — சஷ்டி விரதம். பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும்.

"இஞ்சாருங்கோ, சூரனைக் கொல்லுற கிழமையிலை வீட்டுக்குள்ளை பேயைக் கூப்பிடுறதோ?"

"சூரன் பாவம், தனிய நிக்கிறான். துணைக்கு ரெண்டு பேர் வரட்டுமே."

"உங்களோடை கதைச்சுப் பிரயோசனமில்லை."

உண்மையான சிக்கல் சூரன் அல்ல, வெளிச்சம். பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்றாள் மகள். பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் லைட்டை அணைப்பார்கள் என்றாள் தாய். உலகமெல்லாம் சமாதானம் பேச ஆள் அனுப்புகிற நாட்டில் இருந்துகொண்டு இதைக்கூடத் தீர்க்காவிட்டால் எப்படி? இரண்டு நாள் பேச்சுவார்த்தை. சுவாமி அறையில் விளக்கு எரியும், கதவு சாத்தியிருக்கும். விருந்தினர் இருக்கும் அறை இருட்டாக இருக்கலாம். கையெழுத்து மட்டும்தான் வைக்கவில்லை.

பிறகு பலகாரம். இலையுதிர் காலத்து நோர்வேயை எனக்குப் பிடிக்கும் என்றால் அதற்குக் காரணம் இலைகள் அல்ல. ஆப்பிள் கேக்கும் கறுவாப்பட்டை பன்னும்தான். பன் மாவுக்குள் இவர்கள் ஏலக்காய் போடுகிறார்கள், தெரியுமா? வதனி அதை முதன்முதலில் கண்டுபிடித்த நாளில், "ஏலக்காய் போடுற சனம் அவ்வளவு மோசமான சனமா இருக்காது" என்று இந்த நாட்டுக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

ஆனால் விரதகாரி ருசி பார்க்க முடியாது. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் விரதம்தான் — ஒருநேரச் சாப்பாடு. ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேருமா?

"இனிப்புக் காணுமோ?" என்று குசினியிலிருந்து கேட்டாள்.

"இன்னொண்டு பாத்தாத்தான் சொல்லலாம்."

"நாலாவது."

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பூசணிக்காய்க்கு ஆரணி கண்ணும் பல்லும் வெட்டினாள். உள்ளே தோண்டியெடுத்த சதையை எறிய வதனிக்கு மனம் வரவில்லை. கறி வைத்தாள். முகம் வெட்டுவதற்காக வளர்க்கிற பூசணிக்காய்க்கு முகம்தான் இருக்கிறது, ருசி இல்லை. மூன்று நாள் அந்தத் தண்ணீர்க் கறியை ஒருநேரம் மட்டும் சாப்பிட வாய்த்ததற்கு முருகனுக்கு நன்றி சொன்னேன்.

பேய்க்கதை சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். இத்தனை வருடமாக எழுதுகிறவன் பத்து வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேரைப் பயமுறுத்த முடியாதா? என் பத்தியைக் கண்டாலே பயப்படுகிற வாசகர்கள் இருக்கிறார்களே...

ஐந்து மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். இரத்தக்காட்டேரிகளும் சூனியக்காரிகளும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார்கள். லைட்டை அணைத்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு என் நோர்வேஜிய மொழியில் ஆரம்பித்தேன்.

"ஒரு மனிதன் இருட்டில் தனியாக வீட்டுக்கு நடந்து போகிறான்..."

"ரிஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாரா?" என்றாள் ஒரு சூனியக்காரி.

இருட்டில் வெளியே போகிற பிள்ளைகள் கார் வெளிச்சத்தில் மின்னும் ஒரு துண்டைச் சட்டையில் தொங்கவிட வேண்டும் என்பது இங்கே பாலர் பாடம்.

"இல்லை" என்றேன்.

"அது ஆபத்து."

எல்லாரும் தலையாட்டினார்கள். பேய் வருவதற்கு முன்பே கதாநாயகன் குற்றவாளி.

விடவில்லை. புளியமரத்தடியில் வெள்ளைச் சேலையோடு ஒரு பெண்ணை நிறுத்தினேன். அவள் அவனிடம் சுண்ணாம்பு கேட்கிறாள் என்றேன். நம் ஆட்களுக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்திருக்கும்.

"சுவருக்குப் பூசுவார்களே, அதுவா?"

"அதுதான். ஆனால் இது வெற்றிலையோடு சாப்பிட."

"சுவர்ப்பூச்சையா?"

வெற்றிலை, பாக்கு, செரிமானம் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். கதை மனையியல் வகுப்பாக மாறிக்கொண்டிருந்தது. அவசரமாக முடிவுக்கு ஓடினேன்: அந்த மனிதன் சுண்ணாம்பை இரும்புக் கத்தியின் நுனியில் வைத்து நீட்டினான், இரும்பைக் கண்டதும் பேய் அலறிக்கொண்டு ஓடியது.

"நிக்கல் ஒவ்வாமையாக இருக்கும். என் அம்மாவுக்கும் இருக்கிறது" என்றாள் ஒரு காட்டேரி, மிகுந்த இரக்கத்தோடு.

அந்த நேரம் பார்த்து வதனி லைட்டைப் போட்டுக்கொண்டு பன் தட்டோடு உள்ளே வந்தாள். என் பேய்க்குக் கிடைக்காத கூச்சல் பன்னுக்குக் கிடைத்தது. இடா ஒரு கொட்டாவி விட்டாள். "வேறு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நான் போகிறேன்" என்றாள். அவள் எழுந்தால் மற்ற ஏழு பேரும் எழுவார்கள் என்பது எனக்கே விளங்கியது.

ஆரணி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஹம்மர்பெஸ்டுக்குப் பெட்டி கட்டுகிறவளின் பார்வை.

பிறகு எழுந்துபோய் லைட்டை அணைத்தாள். "ஏ..." என்று தொடங்கினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"நான் இருந்த ஊரில் குளிர்காலத்தில் பகலே வராது. அப்பா மீன் பக்டரியில் வேலை. ஒருநாள் காலை வேலைக்குப் போகிறார். துறைமுக மேடை விளிம்பில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். மீன்பிடிக்காரருடைய மஞ்சள் மழையங்கி. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆனால் அன்றைக்கு மழை இல்லை..."

இதைப் பெருமூச்சும் இழுவையுமாக, அந்த வடக்கத்திப் பேச்சிலேயே சொன்னாள். உள்ளே குளிர்காற்று புகுந்தது போலிருந்தது.

"அப்பா காலை வணக்கம் சொன்னார். அவன் திரும்பினான். தொப்பிக்குள்ளே முகம் இல்லை. கடற்பாசி மட்டும்தான். கடல் திருப்பிக் கொடுக்காத மீன்பிடிக்காரன் அவன். பாதியாக உடைந்த படகில் துடுப்புப் போடுவான். அவனைக் கண்டால் ஒரு படகு திரும்பி வராது. அடுத்த நாள்... வரவில்லை."

அவ்வளவுதான். ஒருவரும் மெல்லவில்லை. எட்டு முகங்களும் என் பக்கம் திரும்பின.

"இது உண்மையா?" என்றாள் இடா.

என்ன சொல்ல? பதினொரு வருடம் அந்தத் துறைமுகத்தில் மீன் வெட்டினேன். அந்த மேடையில் நான் கண்டதெல்லாம் கடற்காகங்களும் மேற்பார்வையாளரும்தான். அவருக்கு முகம் இருந்தது. ஆனால் ஒரு படகு திரும்பி வராத நாள் எனக்குத் தெரியும். அன்று பக்டரியில் யாரும் ரேடியோ போடவில்லை.

"அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை" என்றேன்.

அன்று மாலை நான் சொன்னவற்றில் பிள்ளைகளைப் பயமுறுத்திய ஒரே வசனம் அதுதான்.

இடா சோபாவில் நகர்ந்து நகர்ந்து ஆரணியின் தோளோடு ஒட்டிக்கொண்டாள். "அந்தக் கடற்பாசியை இன்னொரு தரம் சொல்லு. இதே மாதிரி, உன்னுடைய பேச்சிலேயே சொல்லு" என்றாள். ஆரணி சொன்னாள். மூன்று தரம்.

என் பேயில் பிழையில்லை. என்னோடு அகதியாக வந்த பேய் அது. இன்னும் மொழி வகுப்பு முடிக்கவில்லை. என் மகளுடைய பேய் இங்கேயே பிறந்தது.

ஏழு மணியாகியும் இடா போகவில்லை. தனியாகப் போக யாரும் தயாரில்லை. எட்டுப் பேரையும் அவரவர் கட்டட வாசல் வரை கொண்டுபோய் விடும் வேலை எனக்கு. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். வதனி கதவடியில் மறித்து என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"எனக்கேன்? பயப்பிடுறது பிள்ளையள்."

"பிள்ளையள் எட்டுப் பேராப் போகினம். நீங்கள்தானே தனியத் திரும்பி வரப்போறியள்."

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கையில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே இன்னும் கொஞ்சம் பூசச் சொன்னேன்.