ஏரிக்கு அந்தாண்ட போக ஒரு மனு

தொண்ணூற்றொன்று தை மாதத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரகடத்துப் பக்கம் எங்கள் ஊர் ஏரியின் கரைமேல் ஏறி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி, எதிர்ப்பக்கக் காப்புக்காட்டுக்குள் நுழைந்து, மறுபுறம் வல்லக்கோட்டையில் வெளியே வர வேண்டும். நடந்து, ஒரே பகலில். பங்குனியில் எனக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு வேலூர்ப் பக்கம். அதற்குள் நடந்தால்தான் உண்டு.

இதையெல்லாம் ஒரு ஆசை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரிகளுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனி ஒன்றில் எனக்கு மூன்று வருடமாக வேலை. காலையும் மாலையும் கம்பெனி பஸ் அந்த ஏரியை ஒட்டித்தான் போகும். தண்ணீருக்கு அப்பால் தெரியும் காட்டைப் பார்த்துக்கொண்டே போவேன், பார்த்துக்கொண்டே வருவேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற காடு. ஆடு மேய்ப்பவர்கள் உள்ளே போவார்கள், விறகு வெட்டுபவர்கள் போவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லாத இடத்துக்குப் பெண்கள் போவதில்லை.

கூட வர ஒத்துக்கொண்டவள் ஒருத்திதான். டெஸ்டிங் மேஜையில் எனக்கு எதிரே உட்காரும் தோழி, படப்பைக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். டீ நேரத்தில் இருவரும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் வழி வரைந்தோம். ஏரி வழிகிற சமயத்தில் கலங்கலில் கால் வைக்க முடியாது, பாசி வழுக்கிவிடும் என்று மீன் பிடிக்கிற ஒருவர் சொன்னதால் மாசி வரை பொறுப்பது என்று முடிவு செய்தோம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்று சொல்லிக்கொள்ளலாம். எலுமிச்சம்பழச் சாதம் என் பொறுப்பு, தண்ணீர் அவள் பொறுப்பு. முள்ளுக்குப் பயந்து அவள் கேன்வாஸ் ஷூ கூட வாங்கிவிட்டாள். என்னையும் வாங்கச் சொல்லி நச்சரித்தாள்.

இதோடு விட்டிருந்தால் போய் வந்திருப்போம். எனக்குத்தான் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். காப்புக்காடு என்று போர்டு வைத்திருக்கிறார்களே, கல்யாணம் நிச்சயமான நேரத்தில் யாராவது பிடித்து நிறுத்தினால் மானம் போய்விடுமே என்று பயந்தேன். தோழி தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே மேய்கிற ஆடெல்லாம் மனு எழுதிக் கொடுத்துவிட்டா போகிறது என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டு வனத்துறை ஆபீசுக்குப் போனேன்.

அங்கே மேஜையில் இருந்த குமாஸ்தா என் மனுவை இரண்டு முறை படித்தார். காட்டுக்குள் எதற்குப் போக வேண்டும் என்றார். நடக்க என்றேன். நடந்து எங்கே என்றார். வல்லக்கோட்டை என்றேன். அதற்குத்தான் பஸ் இருக்கிறதே என்றார். மேய்ச்சலா, தேன் எடுக்கவா, காலேஜ் படிப்புக்குச் செடி சேகரிக்கவா என்று அவருக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எதுவும் இல்லை, சும்மாதான் என்றதும் பேனாவை மூடிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. திருடப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அந்த மனுஷனுக்குப் புரிந்திருக்கும்.

முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, அவரே ஒரு வழி சொன்னார். “சும்மான்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. வல்லக்கோட்டைல முருகர் கீறாரில்ல? வேண்டுதல், நடந்து போறேன்னு எழுது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

எழுதினேன். கம்பெனி விலாசம் கொடுத்தால் ஆபீசில் பிரித்துப் படித்துவிடுவார்கள் என்று யோசித்து, வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

கடிதம் வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். அண்ணன் பிரித்து, சத்தம் போட்டு வாசித்திருக்கிறான். வேண்டுதலை நிறைவேற்றும் பொருட்டுக் காப்புக்காட்டின் வழியே கால்நடையாகச் செல்ல அனுமதி. கீழே முத்திரை வேறு. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெரு முழுவதற்கும் செய்தி தெரிந்திருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“நிச்சயம் ஆன பொண்ணு, பெத்தவளுக்குக் கூடச் சொல்லாம இன்னாடி வேண்டிக்கினே?”

வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று சமாளித்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். சொல்லக் கூடாத வேண்டுதல் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அதை முடித்தே தீர வேண்டும் என்றாள். ஆனால் கல்யாணப் பெண் வெயிலில் நடந்தால் கறுத்துவிடுவாள், காலில் முள் கீறினால் பந்தலில் எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே வேன். வேன் எடுத்தால் காலியாகவா போவது? அத்தை வீடு, சித்தி வீடு, அண்ணி, அண்ணியின் அம்மா என்று ஆள் ஏறிக்கொண்டே போனது. என் திட்டத்தில் கடைசிவரை மாறாமல் நின்றது மாசி மாத ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தோழியும் வரட்டும் என்று அம்மா பெரிய மனதோடு சொன்னாள். “வேன்ல போறதுக்கு இன்னாத்துக்குடி நானு?” என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேல் அல்ல, என்மேல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் ரோட்டோடு போனது. ஏரி இரண்டு நிமிடம் தெரிந்தது, அதிலும் பாதியைச் சித்தியின் தலை மறைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்கி, கலங்கல் காய்ந்து தரை மாதிரிக் கிடந்தது. ஓடியே கடந்திருக்கலாம். பார்த்ததும் அழுகை வந்தது. அண்ணி அதைப் பக்தி என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலில் இறங்கியதும் அம்மாவுக்குப் புதிய பயம் வந்தது. நடந்து வருவதாக வேண்டிக்கொண்டு வேனில் வந்தால் சாமி குத்தம் ஆகாதா? குருக்களிடம் போய்க் கேட்டாள். கோயிலை ஒன்பது சுற்று சுற்றினால் போதும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அம்மா அவரை நம்பவில்லை. ஒரு காட்டுக்கு ஒன்பது சுற்று எந்த மூலைக்கு என்று நூற்றெட்டு ஆக்கிவிட்டாள்.

நூற்றெட்டு. வெறுங்காலோடு, அந்த வெயிலில். உறவுக் கூட்டம் முழுவதும் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டது. நான் செக்குமாடு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதே மதில், அதே மூலை, அதே தேங்காய் மட்டை. கறுத்துவிடுவேன் என்ற கவலை இப்போது யாருக்கும் இல்லை. காட்டு வழியாக வந்திருந்தால் இந்நேரம் வந்து சேர்ந்து கால் கழுவியிருப்பேன்.

எழுபதாவது சுற்று வாக்கில் அம்மாவும் வந்து என்னோடு நடக்க ஆரம்பித்தாள். யாரும் பக்கத்தில் இல்லை, இப்போதாவது அந்த வேண்டுதலைச் சொல் என்றாள். பொறுமை போய்விட்டது. வேண்டுதலும் இல்லை ஒன்றும் இல்லை, ஏரிக்கு அந்தப் பக்கம் நடந்து போக ஆசைப்பட்டேன், அவ்வளவுதான் என்று கொட்டிவிட்டேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே நடந்தாள்.

“எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டிருந்தா வுட்டிருப்பியா?”

“வுட்டிருக்க மாட்டேன்.” யோசிக்காமல் சொன்னாள். பிறகு, “நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருவத்தாறு வருசம் ஆவுது. அந்தாண்ட இன்னா கீதுன்னு எனக்கும் தெரியாது. யார் வுட்டாங்க?” என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. கோபம் இன்னும் ஏறியது. தெரிந்துகொண்டேதானே என்னையும் பிடித்து வைத்தாய் என்று கேட்டேன். மீதிச் சுற்றுகளை அவளால் கூட வர முடியாத வேகத்தில் நடந்து முடித்தேன்.