தண்ணீருக்குப் பயப்படாத ஆடுகள்

மற்ற வியாபாரத்தில் சரக்கு விற்றுப்போனால் நிம்மதி. ஆட்டு வியாபாரத்தில் ஆடு படலைத் தாண்டிப் போன பிறகும் அதற்கு இருமல் வந்ததோ, கழிச்சல் கண்டதோ என்று மனசு கூடவே போகும். நீங்களும் ஆடு வளர்க்கிறவர்களானால் நான் மிகையாகச் சொல்லவில்லை என்று தெரியும். எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுநிலம். கிணற்றில் தண்ணீர் கீழே போன வருஷம் கடலை போடுவதை விட்டு ஆட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். ஆடு முழுக்க என் பொறுப்பு.

முதல் மழைப் புல்

கோடை முழுக்கக் காய்ந்த சருகைத் தின்ற குட்டிகள். முதல் மழை பெய்து வரப்பெல்லாம் பச்சை கட்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததும் ஐந்து குட்டிகளையும் கொண்டுபோய் இளம்புல்லில் கட்டினேன். வயிறு முட்டத் தின்றன. மறுநாள் காலை மூன்று குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி விழுந்து, காலை உதைத்துக்கொண்டே செத்தன.

மீதி இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு மிருகாஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் மலையாளத்துக்காரர். மருந்தைப் புகட்டிவிட்டு, என்ன தீனி கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். ஈரப்புல்லைத் திடீரென்று அவ்வளவு தின்னவிட்டால் குட்டி தாங்காது என்றார். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்து, "சேச்சி, அழாண்டாம். நாளை முதல் குட்டிகளைக் கொறச்சு ஸ்நேகிச்சா மதி" என்றார்.

வேப்பந்தண்ணி

அந்த இரண்டும் பிழைத்தன, ஆனால் குறைத்து நேசிக்க எனக்கு வரவில்லை. கவலை அதிகமானதுதான் மிச்சம். உண்ணி பிடிக்கக் கூடாது, சொறி வரக் கூடாது என்று வாரம் ஒரு நாள் வேப்பிலை கொதித்த தண்ணீரில் எல்லா ஆட்டையும் குளிப்பாட்டினேன். அது போதாதென்று தினமும் காலையில் ஈரத்துணியால் காது துடைத்தேன். ஆடு தண்ணீரைக் கண்டால் ஓடுகிற பிராணி. முதல் மாதம் என்னை இரண்டு தடவை தொட்டிக்குள் தள்ளின. அப்புறம் பழகிப்போய், தண்ணீரை மேலே ஊற்றினாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசை போட்டபடி நின்றன. பக்கத்துத் தோட்டத்துத் தெய்வானை வேலியோரம் வந்து நின்று பார்த்தாள். "ஏனம்மிணி, அப்படியே பவுடரும் பூசி உட்டீன்னா, உங்கூட்டு ஆட்டையப் பொண்ணு பாக்க வந்துருவாங்கொ!"

உப்புத் தவிடு

சந்தைக்கு ஆட்டை ஓட்டிப் போன முதல் நாளே தரகர் ஒருவர் வழி சொல்லித் தந்தார். தவிட்டில் உப்பைக் கலந்து வை. தாகத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆடு கொழுகொழுவென்று தெரியும். நான் மாட்டேன் என்றேன். பிறகு ஆடு பிடிக்க வந்தவரிடம், "இதுக்குப் பின்னங்காலு கொளம்புல போன மாசம் புண்ணு வந்து ஆறியிருக்குதுங்க, ஈரத்துல கட்டாதீங்க" என்று தொடங்கி, தை மாதத்துக் கழிச்சல் வரைக்கும் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க ஆடு விக்க வந்தீங்களா, ஆட்டுக்குச் சாதகம் படிக்க வந்தீங்களா?"

ஆனால் ஒரே வருஷத்தில் ஆட்கள் சந்தைக்குப் போகாமல் நேராக எங்கள் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அந்த அம்மாவிடம் பிடித்த ஆட்டுக்குச் சீக்கு வராது என்று பேர். எங்கள் அடுப்பு எரிந்தது அந்தப் பேரால்தான். அது கெட்டுவிடுமோ என்பது என் புதுக் கவலை.

மூன்று குடம்

வேலுச்சாமி பக்கத்து ஊர்க்காரர். பெண் குழந்தைக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது மாரியாத்தாளுக்குக் கிடாய் நேர்ந்திருந்தார். குழந்தை பிழைத்தது. என்னிடம் வந்து கருங்கிடாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். கோயில் நோன்புத் திருவிழாவன்று காலை பத்து மணி இருக்கும், சைக்கிளில் ஓர் ஆள் வந்து, "உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றான். கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிடாயின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதுவரை யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் மூன்று குடம் ஊற்றியாகிவிட்டது. என் கிடாய் கண்ணைப் பாதி மூடி அசை போட்டுக்கொண்டு நின்றது. "ஆட்டுக்குள்ள சீக்கு இருக்குது" என்றார் ஒருவர். "நேந்தவங்க ஊட்டுல ஏதோ குத்தம்" என்றார் இன்னொருவர். வேலுச்சாமியின் சம்சாரம் குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அங்கே எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். சீக்குமில்லை, குத்தமுமில்லை. வீட்டில் காது துடைத்து முடித்து, நான் கையை எடுத்து "போ" என்றால்தான் அது சிலுப்பும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்குத் தெரியாது என்று திரும்பினால் என் பேர் போகும், அந்தக் குடும்பத்தின் மேல் பழி நிற்கும். செய்தால் கிடாய் போகும். கிடாய் என்னைப் பார்த்ததும் ஒரு தடவை கத்திவிட்டு, தலையை என் இடுப்பில் கொண்டுவந்து முட்டியது. குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். முந்தானையை நனைத்து இரண்டு காதையும் துடைத்தேன். ஒன்றை இரண்டாவது தடவையும் துடைத்தேன். பிறகு கையை எடுத்து, "போ" என்றேன்.

தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. தெறித்த தண்ணீரில் என் முகமெல்லாம் நனைந்தது. கொட்டு முழங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்த வேலுச்சாமி, கண்ணில் தண்ணீரோடு கும்பிட்டார். "இனி எந்த நோம்பின்னாலும் உங்ககிட்டத்தான் கெடா புடிப்பனுங்க. ஆனா, கெடாயோட நீங்களும் வந்து நின்னு குடுக்கோணுமுங்க."

ஆட்டை நோய் நொடியில்லாமல் வளர்ப்பது எப்படி என்று யார் வந்து கேட்டாலும் சொல்லித் தருகிறேன், வளர்த்து முடித்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.